இருவர் நடந்த வழி
(தமிழ்க் கவிதையில் காடும் மலையும்)



பத்தாண்டு நிறைவு விழாவின் இவ்வமர்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், இருவர் துணையாகக் காடும் மலையும் கடந்து செல்லும் வழிநடை. தமிழ்க் கவிதைக்கு இப்பொருள் புதிதன்று. பெயர் சுட்டப்படாத சங்கத் தலைவனும் தலைவியும் அவ்வழியே சென்றனர். கோவலனும் கண்ணகியும் சென்றனர். இராமனும் சீதையும் சென்றனர். இம்மூன்று பயணங்களையும் தனித்தனியே போற்றிப் பேசுவது வழக்கம். மூன்றையும் அருகருகே வைத்து ஒரு வினாவை எழுப்பினால் வேறொன்று புலப்படும். வழியிலுள்ள காட்சியைக் காண்பவர் யார்? அதனை எடுத்துச் சொல்பவர் யார்? எவர்பொருட்டுச் சொல்கிறார்? இயற்கை வருணனை என்று பொதுப்படக் கூறிக் கடந்துவிடும் பகுதிகளுக்குள் இவ்வினாவுக்கான விடை இருக்கிறது.

முதலில் உடன்போக்கு. பெற்றோர் அறியாமல் தலைவி தலைவனுடன் செல்வதைச் சான்றோர் பாலைத் திணையில் வைத்துப் பாடினர். பாலைக்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் காலம். நிலம் கொதிக்கும் நேரம். இன்பப் பயணத்துக்கு இதனினும் பொருந்தாத காலம் வேறில்லை. இருந்தும், தமிழ்க் காதலர் பயணம் இவ்வெயிலில்தான் தொடங்குகிறது.

குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் பெரும்பதுமனார் இக்காட்சியை வழியில் எதிர்ப்பட்டோர் வாயால் கூறுகிறார். வில்லேந்திய இளைஞன் காலில் கழல். வளையணிந்த பெண்ணின் மெல்லடியில் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பு கழித்தல் என்னும் சடங்கு நிகழ்வது அந்நாளைய வழக்கம். ஆதலின் காலில் சிலம்பு இருப்பதைக் கண்டமாத்திரத்தில், இவள் இன்னும் மணமாகாதவள், வீட்டை நீங்கி வந்தவள் என்பதை வழிப்போக்கர் உணர்ந்துகொள்கின்றனர். அவர்கள் இரங்குகின்றனர். மூங்கில் அடர்ந்த அக்காட்டில், காற்று மோத, வாகையின் வெண்ணிற நெற்றுகள் கயிற்றின் மேல் ஆடுவோரின் பறைபோல ஒலிக்கின்றன. காடு எத்தகையது என்பதற்குப் புலவர் தந்தது இவ்வொரு ஒலிதான். கூத்துக்குரிய பறையும், கயிற்றின் மேல் நடப்போரின் ஆபத்தும் அவ்வொலியிலேயே அடங்கிவிட்டன. இருவரின் நிலையையும் அது கூறிவிடுகிறது.

இங்கே காண்போர் அயலார். காதலர் இருவரும் பேசவில்லை. அவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொண்டனர் என்பதை அறிய நற்றிணையின் ஒன்பதாம் பாட்டுக்குச் செல்ல வேண்டும். சேர மன்னராகிய பாலை பாடிய பெருங்கடுங்கோ அதனைப் பாடியவர். தலைவன் தலைவியிடம் கூறுவது மிக எளியது. நிழல் காணும் இடந்தோறும் நெடுநேரம் தங்கிச் செல், மணல் காணும் இடந்தோறும் சிற்றில் இழைத்து விளையாடு, வருந்தாமல் நட, இனி நாம் போகும் வழியில் மாஞ்சோலைகளில் குயில் கூவும், காட்டினூடே சிற்றூர்கள் பல உண்டு. துரத்தி வருவோர் இருக்கக்கூடிய வழியில், விரைந்து வா என்று கூற வேண்டியவன், தங்கிச் செல் என்கிறான். புன்கின் தளிரைக் காட்டுகிறான், குயிலைக் காட்டுகிறான், ஊர்கள் அருகில் உள்ளன என்கிறான். அவளுடைய கால் நோவைத் தணிக்க அவன் கையிலிருந்த ஒரே மருந்து வழியின் அழகுதான். அகப்பாட்டில் இயற்கை வருணனை தோன்றும் இடத்தை இது தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் மற்றொருவரை நடத்திச் செல்லக் கூறும் அன்புச் சொல்லாக அது பிறக்கிறது.

அடுத்து, சிலப்பதிகாரம். வைகறைக்கு முன்னர்ப் புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் மதுரை சேரும்வரை நடந்த வழியை இளங்கோவடிகள் நாடுகாண் காதையிலும் காடுகாண் காதையிலும் புறஞ்சேரி இறுத்த காதையிலும் விரிவாகக் கூறுகிறார். காதைகளின் பெயரிலேயே ‘காண்’ என்னும் சொல் உள்ளது. ஆயினும் கோவலன் கண்ணகிக்குக் காட்டிய காட்சி என்று எடுத்துரைக்கத்தக்கது அரிதே.

சிறிது தொலைவு நடந்த அளவிலேயே இடை நொந்து, மதுரை மூதூர் எது என்று கண்ணகி வினவுகிறாள். அருகில்தான் என்கிறான் கோவலன், தொலைவையும் கூறுகிறான். ஆறையும் ஐந்தையும் அடுத்து வைத்துச் சொன்ன அவ்வெண்ணைப் பெருக்கினால் முப்பது காதம். பிரித்துக் கேட்டால் ஆறோ ஐந்தோ காதம். நற்றிணைத் தலைவனும் ஊர்கள் அருகில் உள்ளன என்றான். கோவலனும் அருகில் என்றான். அவன் சொல்லில் குயிலும் மாஞ்சோலையும் இருந்தன. இவன் சொல்லில் இருந்தது ஓர் எண் மட்டுமே. செல்வத்தை இழந்து, மனைவியின் சிலம்பை விற்று வாழ்வைத் தொடங்கச் செல்பவனிடம் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை.

வழியைக் கூறுவோர் பிறர். கவுந்தியடிகள் சோழநாட்டின் வளத்தை எடுத்துரைக்கிறார். ஆனால், அவ்வளம் முழுவதும் இடராகவே உரைக்கப்படுகிறது. கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். கால் வைத்தால் வீழ நேரும். குழிக்கு அஞ்சிக் குனிந்து நடந்தால், தாழத் தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். வயல்வழியே சென்றால் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கும். சமணத் துறவியாதலின் சிற்றுயிர்க்கு வரும் துன்பத்தையும் அவர் கணக்கிலெடுக்கிறார். பூவும் கனியும் நிறைந்த நாடு, நொந்த காலுடன் நடக்கும் பெண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதை இதனினும் நுட்பமாகக் கூறிய பகுதி அரிது.

உறையூரைக் கடந்தபின், மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் வழி கொடும்பையின் நெடுங்குளத்தருகே மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்புறம் சென்றால் சிறுமலை. இடப்புறம் சென்றால் திருமால்குன்றம். இடையில் ஒரு வழி. கொடும்பாளூர், சிறுமலை, அழகர்மலை என இவ்விடங்களை இன்றும் காணலாம். அவன் வாயிலாகவே பாலை பற்றிய புகழ்பெற்ற விளக்கமும் வருகிறது: முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து, நலம் இழந்து கொள்ளும் வடிவமே பாலை. இதனைத் திணையிலக்கணத்துக்கு மேற்கோளாக எடுத்துக்காட்டுவது வழக்கம். கதைக்குள் வைத்துப் பார்த்தால் பொருள் மேலும் ஆழமாகும். முல்லை, கற்போடு காத்திருத்தலுக்கு உரியது; குறிஞ்சி, காதலர் கூடலுக்கு உரியது. அவ்விரண்டும் திரிந்த நிலத்தில் நடந்துகொண்டிருப்பவர்கள், அவ்விரண்டும் திரிந்த வாழ்வை உடையவர்கள். உடன்போக்குத் தலைவியின் காலில் சிலம்பு ஒலித்தது. கண்ணகியின் சிலம்போ, கோவலன் பிரிந்த நாளிலேயே காலைவிட்டு நீங்கியது. இப்பயணத்தில் அது விலைப்பொருளாக உடன்வருகிறது.

எனினும் இளங்கோவடிகள் அவ்விருவர்க்கும் ஓர் இரவைத் தருகிறார். பகல் வெயிலைக் கண்ணகியின் அடி தாங்காதென்று, நிலவொளியில் நடக்கின்றனர். கண்ணகி கணவன் தோளில் கை வைத்து நடக்கிறாள். பாண்டியன் செங்கோல் காக்கும் நாட்டில் கரடியும் புலியும் வழிச்செல்வோர்க்குத் துன்பம் செய்யா என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. விலங்குகள் துன்பம் செய்யவில்லை. துன்பம் செங்கோலிலிருந்தே வந்தது. வைகைக் கரையை அடையும்போது, ஆறு பூவாடையால் தன் கண்ணீரை மறைத்துக்கொண்டு செல்வதாக அடிகள் பாடுகிறார். வழிநெடுகக் கண்ணகிக்கு எவரும் மறைத்துவைத்ததை ஆறு அறிந்திருக்கிறது.

மூன்றாவது, கம்பன் கண்ட பயணம். கங்கையைக் கடந்து, பின்னர் யமுனையை இலக்குவன் மூங்கிலால் அமைத்த தெப்பத்தில் கடந்து, மூவரும் சித்திரகூட மலையை அடைகின்றனர். அங்கே இராமன் சீதைக்கு மலையைக் காட்டுகிறான். பாராய், காணாய் என்று முடியும் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. கருவுற்ற பிடிக்குக் களிறு ஒன்று குகையிலிருந்து தேனை எடுத்து, வண்டுகளை ஓட்டி, துதிக்கையால் ஊட்டுகிறது. யானையையே விழுங்கவல்ல மலைப்பாம்புகள், தவத்தோர் மிதித்து ஏறுதற்குப் படிகளாக அடங்கிக் கிடக்கின்றன. அரசை இழந்தவன் தன் துணைவிக்கு அளிக்கக்கூடிய அரண்மனையாக அம்மலையை மாற்றிவிடுகிறான். அக்காட்சிகளில் பெரும்பாலானவை ஒன்றை மற்றொன்று பேணுதல் பற்றியவை என்பதும் கருதத்தக்கது.

ஆனால், இலக்குவன் அமைத்த பர்ணசாலையைக் கண்டதும் அவன் குரல் மாறுகிறது. மென்மலரடி காட்டில் நடந்தது, தம்பியின் கை குடில் சமைத்தது என்று எண்ணி நெகிழ்கிறான். அதுவரை காட்டிய காட்சியழகுக்கு அடியில் ஓடிய துயரம் அங்கே மேலெழுகிறது. பெருங்கடுங்கோவின் தலைவனைப் போலவே இராமனும், அவள் வருந்தாதிருக்கவே மலையைக் காட்டினான் என்பது அப்போது விளங்கும்.

சித்திரகூடத்தில் பேச்சு இராமனுடையது. சீதை என்ன கண்டாள் என்னும் வினாவுக்குக் கம்பன் கோதாவரிக் கரையில் விடை தருகிறான். அன்னம் ஒதுங்கி நடக்கக் கண்ட இராமன், அருகிலிருந்த சீதையின் நடையை நோக்கி முறுவல் கொள்கிறான். நீருண்டு மீளும் யானையின் நடையைக் கண்ட சீதை, தானும் புதியதொரு முறுவல் பூக்கிறாள். ஒருவரும் பாராய் என்று கூறவில்லை. இருவரும் தாமே கண்டனர். காட்டுவோனும் காண்பவளும் என்ற பிரிவு அவ்வொரு கணத்தில் நீங்குகிறது. பின்னர்ச் சீதை விரும்பிக் காட்டும் காட்சி, பொன்மான். மாயமான் என்று இலக்குவன் தடுத்தும், அவள் கண்ட காட்சிக்காக இராமன் செல்கிறான். காப்பியத்தின் போக்கு அவ்விடத்தில் திரும்பிவிடுகிறது.

இம்மூன்றையும் ஒருசேர வைத்தால், காட்டுவோர் பெரும்பாலும் ஆடவர் அல்லது வழியறிந்த பிறர் என்பது தெரியவரும். நடந்த பெண்ணின் சொல் எங்கே? அதனைத் தேடினால், ஐங்குறுநூறு கைகொடுக்கும். உ.வே.சாமிநாதையர் 1903 ஆம் ஆண்டு பதிப்பித்த அந்நூலின் பாலைப் பகுதியில், உடன்போக்கின்போது இடைச்சுரத்தில் உரைத்தவற்றுக்கென்றே ஒரு பத்து உண்டு. அதில், எதிர்வரும் அந்தணரிடம் தலைவி ஒன்றை வேண்டுகிறாள். தாய் விரும்பி வளர்த்த தன் நலம் பொலிய, அரிய வழியைத் தான் கடந்துவிட்டதாகத் தன் தோழியர்க்குச் சொல்லும்படி கேட்கிறாள். காட்டின் அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கடந்துவிட்டேன் என்பதே அவள் அனுப்பும் செய்தி.

இன்னொரு பாட்டு, அந்நூலின் குறிஞ்சிப் பகுதியில், கபிலர் பாடியது. உடன்போய் மீண்டு வந்த தலைவியிடம், அந்நாட்டு நீர் இனியதன்றே, எங்ஙனம் பருகினாய் என்று தோழி கேட்கிறாள். தலைவி கூறும் விடையைத் தமிழறிந்தோர் மறவார். தழை மூடிய பள்ளத்தில், மான் உண்டு எஞ்சிய கலங்கல் நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலினும் இனியது என்கிறாள். அருவியையோ சோலையையோ அவள் கூறவில்லை. வழியில் தான் கண்டவற்றுள் அவள் நினைவில் நின்றது ஒரு சேற்றுநீர்க் குழி. அதனை அவள் கண்டாள் என்பதைவிடப் பருகினாள் என்பதே பொருந்தும். மானுக்குப் பின், மானின் மிச்சத்தைப் பருகியவள், அக்காட்டுக்கு விருந்தினள் அல்லள், உறவினள்.

பிறர் காட்டிய காட்சிக்கும் நடந்தவர் தாமே கண்ட காட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது அழகைக் கூறும். பின்னது வாழ்ந்ததைக் கூறும். முன்னது தாழ்ந்ததன்று, நிழலில் தங்கிச் செல் என்ற சொல்லின்றிப் பின்னதற்கு வழியே இல்லை. ஆயினும் முன்னதோடு நின்றுவிடும் கவிதை, கண்ணகியின் அடி நொந்ததை அறியாது.

இவ்வட்டத்தில் கூடியிருப்போர் பலர் கவிஞர்கள். மலையையும் காட்டையும் பாடாத கவிஞர் இல்லை. மலைக்குச் செல்வது இன்று எளிது. பல வளைவுகள் ஏறும் சாலையில் வண்டியிலிருந்தவாறே அருவியைக் கண்டு, படமெடுத்துக்கொண்டு, அன்று மாலையே இறங்கிவிடலாம். அப்பயணத்திலிருந்து பிறக்கும் கவிதையில் மேகமும் பனியும் இருக்கும். வாகை நெற்றின் ஒலி இருக்க வாய்ப்பில்லை, ஏனெனில் வாகை எது என்று தெரியாது. புன்கைப் புன்கு என்றறிந்தவனே அதன் தளிரைக் காட்ட இயன்றது. மரத்தின் பெயரை அறிதல், உடன் வருவோரின் கால் நோவை அறிதல், அவர் தாமே கண்டது என்னவென்று கேட்டல் ஆகிய மூன்றும் நம் முன்னோர் கவிதையில் ஒன்றாகவே இருந்தன.

அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்திலிருந்து வெளிவரும் கவிதைகளில் மலைகள் வரட்டும். அவற்றோடு, அம்மலையேறியவர் எந்த நீரைப் பருகினார் என்பதும் வருமாயின், கபிலரின் தலைவி சொன்ன விடை இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.