வீட்டில் வாசிக்கும் இசையும் அதன் ஒலிப்பதிவும்



சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறொன்றைச் சொல்லி இப்பேச்சைத் தொடங்க விரும்புகின்றேன். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பெருந்தொற்றின் காரணமாக நம் நாட்டுப் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. அக்காலத்திலே மாணவர் தத்தம் வீட்டிலிருந்து வாசித்து, கைத்தொலைபேசியிலே படம்பிடித்து அனுப்பும் இசைப்போட்டியொன்று நடைபெற்றது. நடுவர் மூவருள் நானும் ஒருவன். இளமையிலே ஹார்மோனியம் பயின்றவன் என்பதையன்றி அதற்கு வேறு தகுதி எனக்கு இருந்ததில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கீபோட் வாசித்து அனுப்பியிருந்தாள். ஊரிலே பலர் இன்றும் ‘ஓர்கன்’ என்றே சொல்லும் அந்த மின்வாத்தியந்தான். விரல்கள் பிழையின்றி ஓடின, தாளம் தவறவில்லை. ஆயின் மெல்லென ஒலிக்க வேண்டிய இடமும் ஓங்கி ஒலிக்க வேண்டிய இடமும் ஒரே மட்டத்தில் கேட்டன. ‘பயிற்சி உண்டு, பாவம் இல்லை’ என்று குறிப்பெழுதிப் புள்ளிகளைக் குறைத்தேன். அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

பாடசாலைகள் மீளத் திறந்த பின்னர், ஒரு பரிசளிப்பு விழாவிலே அதே பிள்ளை அதே உருப்படியை என் எதிரில் வாசித்தாள். தொடக்கம் காதருகே இரகசியம் சொல்வது போல் இருந்தது. நடுப்பகுதியிலே ஒலி படிப்படியாக ஏறி மண்டபத்தை நிறைத்தது. பின்னர் அது தணிந்து, கடைசிச் சுரம் இருந்ததா இல்லையா என்று ஐயுறும்படி மறைந்தது. விழா முடிந்ததும் அவளை அழைத்து, “இந்த அழகையெல்லாம் அன்று ஏன் காட்டவில்லை?” என்று கேட்டேன். அவள் சற்றுத் தயங்கி, “அண்டைக்கும் இப்பிடித்தான் வாசிச்சனான், சேர்” என்றாள்.

அந்தப் பதில் என்னை உறங்கவிடவில்லை. மறுநாள் எங்கள் பாடசாலைப் பௌதிகவியல் ஆசிரியரிடம் இதனைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பிள்ளை பொய் சொல்லவில்லை, கைத்தொலைபேசிதான் சொல்லியிருக்கிறது” என்றார். அவர் விளக்கியவற்றையும், அதன் பின் நானே கேட்டும் செய்தும் அறிந்தவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று வந்திருக்கின்றேன்.

கைத்தொலைபேசி பேச்சுக்கென ஆக்கப்பட்ட கருவி. மெல்லப் பேசுவோர் குரலை உயர்த்தியும், உரக்கப் பேசுவோர் குரலைத் தாழ்த்தியும் ஒரே அளவாகக் கொடுக்கும் ஏற்பாடு அதனுள்ளே தானாகவே இயங்குகின்றது. உரையாடலுக்கு இது பேருதவி, இசைக்கோ பெருங்கேடு. வாசிப்பவள் மெலிவு காட்டும்போது கருவி ஒலியைத் தூக்குகின்றது. அவள் வலிவு காட்டும்போது அமுக்குகின்றது. அதுமட்டுமன்று. இடைவிடாது கேட்கும் ஒலியை இரைச்சல் என்று கருதி நீக்கும் பழக்கமும் பல கைத்தொலைபேசிகளுக்கு உண்டு. நீண்டு ஒலித்து மெல்லத் தேயும் சுரத்தின் வால், மின்விசிறியின் இரைச்சலோடு சேர்த்து வெட்டப்பட்டுவிடும். அந்தப் பிள்ளையின் பாவம் போன வழி இதுவே. நான் புள்ளி குறைத்தது கருவிக்கு. தண்டனை பெற்றவளோ அவள்.

இதற்கு முதற் பரிகாரம் செலவில்லாதது. ஒலி மட்டத்தை நாமே குறித்து நிறுத்தக்கூடிய ஒலிப்பதிவுச் செயலிகளும் படப்பிடிப்புச் செயலிகளும் உள்ளன. தானியங்கு ஏற்றத்தாழ்வை அவற்றில் நிறுத்திவிடலாம். ஆயினும் கீபோட்டைப் பொறுத்தவரையில் இதனினும் சிறந்த வழியொன்று உண்டு. எண்ணிப் பாருங்கள்: இவ்வாத்தியத்தின் ஒலி பிறக்கும்போதே மின்னலையாகப் பிறக்கின்றது. அதனைச் சிறிய ஸ்பீக்கர் வழியாகக் காற்றிலே விட்டு, சீமெந்துச் சுவரிலும் தரையிலும் மோதவிட்டு, தெருவோசையோடு கலக்கவிட்டு, பின்னர் ஒலிவாங்கியால் பிடித்து மீண்டும் மின்னலையாக்குவானேன்? கிணற்று நீரை முற்றத்தில் ஊற்றிப் பின் அள்ளிக் குடிப்பது போன்றது அது. வாத்தியத்தின் பின்புறத்திலே ஹெட்போன் செருகும் துளையோ, ‘லைன் அவுட்’ எனப்படும் துளையோ இருக்கும். அங்கிருந்து வயர் வழியாக ஒலியை நேரே எடுத்துக்கொண்டால் அறையின் குற்றம் எதுவும் அதனைத் தீண்டாது.

இங்கே பலர் ஒரு பிழை செய்கின்றனர். அவ்வயரின் மறுமுனையைக் கைத்தொலைபேசியின் ஹெட்போன் துளையிலே நேரே செருகிவிடுகின்றனர். அத்துளையில் உள்ள ஒலிவாங்கித் தொடுப்பு ஒரு வோல்ட்டின் ஆயிரத்திலொரு பங்கு சில கொண்ட நுண்மின்னை எதிர்பார்ப்பது. வாத்தியத்திலிருந்து வருவதோ அதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு. விளைவு, கிழிந்த பறை போன்ற ஓசை. மேலும் அத்தொடுப்பு ஒற்றை வழியுடையது. கீபோட்டின் பியானோ ஒலி இடம் வலம் என இரு வழிகளில் அமைந்தது. இரண்டையும் ஒன்றாக்கும்போது சில சுரங்கள் ஒன்றையொன்று அழித்து உள்ளீடற்றுப் போவதும் உண்டு. ஆதலால் நடுவே ‘ஓடியோ இன்டர்பேஸ்’ எனப்படும் சிறு பெட்டியொன்று வேண்டும். அது இரு வழி ஒலியையும் முறையாக ஏற்று, எண்களாக மாற்றி, யூ.எஸ்.பி. வயர் வழியாகக் கணினிக்கோ கைத்தொலைபேசிக்கோ கொடுக்கும். புதிய கீபோட்டுகள் சிலவற்றில் இப்பெட்டியின் வேலையை வாத்தியமே செய்துவிடுகின்றது. ஆனால் யூ.எஸ்.பி. துளை இருக்கின்றது என்பதற்காக ஏமாந்துவிடலாகாது. பலவற்றில் அத்துளை ‘மிடி’ செய்தியை மட்டுமே தரும். 1983ஆம் ஆண்டு வழக்குக்கு வந்த இம்முறை, எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதைக் கூறுமேயன்றி ஒலியைக் கூறாது. எழுதி வைத்த சுரக்குறிப்பு பாட்டாகிவிடாதது போலவே இதுவும். வாங்குமுன் கையேட்டை வாசித்தல் நலம்.

வயரைச் செருகியதும் வாத்தியத்தின் ஸ்பீக்கர் பெரும்பாலும் ஊமையாகிவிடும். பிள்ளை ஹெட்போனிலே கேட்டு வாசிக்க வேண்டியிருக்கும். அந்த ஹெட்போன் வயர் உள்ளதாக இருத்தல் வேண்டும். வயரில்லாத புளூடூத் வகையிலே விரல் பட்டதற்கும் ஒலி காதை எட்டுவதற்கும் இடையே பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேலும் தாமதம் நேரலாம். அத்தாமதத்தோடு தாளம் பிடிப்பது தேர்ந்த வித்துவானுக்கும் இயலாது. இன்னொன்று: தொடுகையின் வலிவை உணரும் வசதியைச் சில கீபோட்டுகளில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அது நிறுத்தப்பட்டிருந்தால் எந்தப் பெட்டி வாங்கியும் மெலிவு வலிவு வரமாட்டா.

இனி அளவு பற்றிச் சொல்ல வேண்டும். எண்முறை ஒலிப்பதிவிலே பூச்சிய டெசிபெல் என்பது உச்சவரம்பு. ஒலியலை அதனைத் தொட்டால் தலை வெட்டுண்டு கரகரக்கும். வெட்டுண்டதை எக்கருவியும் முழுமையாக மீட்டுத் தராது. ஆகவே உருப்படியின் மிக ஓங்கிய பகுதியை முதலிலே வாசித்துப் பார்த்து, அதன் உச்சி கழித்தல் 12க்கும் கழித்தல் 6க்கும் இடையே நிற்கும்படி அமைத்துவிட்டு, பின்னர் அந்தக் குமிழைத் தொடாதிருக்க வேண்டும். பழைய நாடாப் பதிவிலே, நாடாவின் சீற்றம் மேலோங்காதிருக்க ஒலியைக் கூடியவரை உயர்த்திப் பதிவது வழக்கம். 24 பிட் எண்முறைப் பதிவிலே அந்த அச்சம் வேண்டுவதில்லை. சற்றுக் குறைவாகப் பதிந்து பின்னர் கூட்டிக்கொள்ளலாம். வினாடிக்கு 48,000 முறை அளக்கும் வீதத்தைத் தேர்ந்துகொள்க. காணொளிக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு அதுவே. இவ்வகையில், சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பு இரு வழி ஒலிக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மெகாபைட் இடங்கொள்ளும். அதற்கேற்பக் கைத்தொலைபேசியில் முன்னரே இடம் ஒதுக்கி வைத்தல் வேண்டும். இன்றேல் நல்ல வாசிப்பு நடுவழியிலே நின்றுபோகும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இவ்வாறு நிகழ்ந்து, பிள்ளையை விடத் தாயாரே அதிகம் அழுதார்.

வயர் வழியாக எடுக்கும்போது சில வீடுகளிலே ‘ம்ம்’ என்ற தாழ்ந்த முழக்கம் கேட்கும். அது நம் நாட்டு மின்சாரத்தின் குரல். வினாடிக்கு 50 அதிர்வும் அதன் மடங்குகளும். கணினியும் வாத்தியமும் வெவ்வேறு சுவர்த் துளைகளிலிருந்து மின்பெறும்போது பெரும்பாலும் இது தோன்றும். கணினியின் சார்ஜரைக் கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள். அல்லது இரண்டையும் ஒரே பலகையிலே செருகுங்கள். பல வேளைகளில் முழக்கம் அடங்கிவிடும்.

படமும் ஒலியும் வெவ்வேறாகப் பதியப்பட்டால் அவற்றைப் பொருத்துவது எவ்வாறு? திரைப்படக்காரர் பலகை தட்டுவது இதற்காகவே. நம் பிள்ளை கையைத் தட்டினால் அது வயர் வழிப் பதிவிலே விழாது. ஆதலால் வாசிக்குமுன் ஒரு கட்டையை விரைந்து ஒருமுறை அழுத்தட்டும். வாத்தியம் ஊமையாயினும் கட்டை விழும் ‘டக்’ ஓசை கமராவிலே கேட்கும். அதே கணத்துச் சுரம் மற்றைய பதிவிலே இருக்கும். இரண்டையும் நேர்படுத்தினால் போதும். நீண்ட உருப்படியாயின் இறுதியிலும் ஒருமுறை அவ்வாறு செய்தல் நன்று. இரு கருவிகளின் கடிகாரங்கள் மயிரிழை வேறுபடுவதால், பத்து நிமிடத்தில் விரலும் ஒலியும் சற்றே விலகக்கூடும்.

ஆயின் தேர்வுக்கு அனுப்புவோர் இங்கே கவனமாக இருத்தல் வேண்டும். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.பி.ஆர்.எஸ்.எம்., டிரினிற்றி ஆகிய இசைத்தேர்வு நிறுவனங்கள் 2020 முதல் காணொளி வழியாகவும் தேர்வு நடத்துகின்றன. முதலாவதன் காணொளித் தேர்விலே நான்கு உருப்படிகளை இடையில் நிறுத்தாது ஒரே தொடராக வாசித்தல் வேண்டும். வெட்டி ஒட்டுதல் ஆகாது. எனவே ஒலியை இன்டர்பேஸ் வழியாகப் படப்பிடிப்புச் செயலிக்கே நேராகக் கொடுத்து, படமும் ஒலியும் ஒருங்கே பதியுமாறு செய்வதே இத்தகையோருக்குப் பாதுகாப்பு. விதிகளை வாசியாது பணங்கட்டுவோர் நம்மிடையே அதிகம் என்பதால் இதனைச் சொல்ல நேர்ந்தது.

மின்வாத்தியமின்றி மரப் பியானோவோ ஹார்மோனியமோ வாசிப்பவருக்கு ஒலிவாங்கியைத் தவிர வழியில்லை. அவர்கள் அறையைத்தான் முதலில் திருத்த வேண்டும். அறை நடுவே நின்று ஒருமுறை கையைத் தட்டுங்கள். ‘டிங்’ என்று திரும்பிவந்தால் அது இசைக்கு ஆகாத அறை. வெறுஞ் சுவருக்கு எதிரே மெத்தையை நிமிர்த்தி வைத்தும், புத்தக அலுமாரியை நகர்த்தியும், தரையிலே பாயும் கம்பளமும் விரித்தும் அக்குறையைப் பெரிதும் போக்கலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், தகரக் கூரையாயின் மழையில்லாத நேரம் பாருங்கள். ஒலிவாங்கியை வாத்தியத்துக்கு மிக அருகில் வைத்தால் கட்டையின் தட்டோசையும் ஹார்மோனியத் துருத்தியின் மூச்சும் மேலோங்கும். தூர வைத்தால் அறையே பாடும். இடத்தை மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வாசிப்பவரின் முணுமுணுப்பும் பதிவிலே விழும் என்பதை மறக்கலாகாது. 1964ஆம் ஆண்டு மேடைக் கச்சேரிகளை அடியோடு விட்டுப் பதிவறைக்குள் புகுந்த கனடியப் பியானோ மேதை கிளென் கூல்ட், வாசிக்கும்போது தம்மை மறந்து முனகுவார். அவரது இசைத்தட்டுகளிலே அம்முனகலை இன்றும் கேட்கலாம். அவருக்கு உலகம் அதனை மன்னித்தது. நம் பிள்ளைகளுக்கு நடுவர் மன்னிப்பாரோ, அறியேன்.

பதிந்தவற்றை அனுப்பும் முறையிலும் ஒரு பொறி உண்டு. வாட்ஸ்அப்பிலே காணொளியாக அனுப்பினால் அது படத்தையும் ஒலியையும் சுருக்கிவிடும். கோப்பாக இணைத்து அனுப்புவதே முறை. அனுப்புமுன் ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். கைத்தொலைபேசியின் ஸ்பீக்கரிலே இடக்கைச் சுரங்கள் மெலிந்தே கேட்கும்; அதனைக் கண்டு அஞ்சித் தாழ்சுரங்களைக் கூட்டிவிடாதீர்கள். எதிரொலிச் சேர்க்கையையும் அளவறிந்து இடுங்கள். கோயில் மண்டபத்திலிருந்து வாசிப்பது போன்ற ஒலி, படுக்கையறைப் படத்தோடு பொருந்தாது.

அந்த மாணவியின் கதைக்கு மீள்கின்றேன். போட்டி முடிவை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. ஆயினும் நான் எழுதிய குறிப்பு பிழையானது என்றும், அதனை மீளப் பெறுகின்றேன் என்றும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் பௌதிகவியல் ஆசிரியர் தம்மிடமிருந்த பெட்டியை அவளுக்கு இரவல் கொடுத்தார். இரு வாரங்களின் பின் அவளிடமிருந்து கடிதத்துக்குப் பதிலாக ஒரு காணொளி வந்தது. அவள் வாசித்தது பீத்தோவனின் ‘எலீசுக்கு’ என்னும் உருப்படி. அதன் தொடக்க இசையைத்தான் நம் ஊர்ப் பாண் முச்சக்கரவண்டிகளும் தெருத்தெருவாக ஒலித்துச் செல்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். படத்திலே அவள் பின்னால் யன்னல் தெரிகின்றது. உருப்படியின் நடுவே, அவள் தம்பி கையிலே காசைப் பிடித்துக்கொண்டு யன்னலைக் கடந்து படலையை நோக்கி ஓடுகின்றான். அப்பால் பாண் வண்டி வந்து நிற்கின்றது. வண்டியின் இசை ஒரு துளியும் கேட்கவில்லை. அவள் வாசிப்பின் மெலிவு மட்டுமே கேட்கின்றது.