அலைக்கும் முறை உண்டுங்க

இந்த எபிசோட் கடலைப் பத்தினது. அவிநாசிக்காரனுக்குக் கடல்ல என்னங்க வேலைன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். நம்ம ஊர்லேருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடலைப் பாக்க நாலஞ்சு மணி நேரம் ஆகும். ஆனா இப்பல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி கோயம்புத்தூர்லயும் திருப்பூர்லயும் பஸ் ஏறி, சனிக்கிழமை காலைல கோவளத்துல சர்ஃபிங் போர்டோட நிக்கற ஆளுங்க இருக்காங்க. கேரளாவுல இருக்கற கோவளம் இல்லைங்க. சென்னைக்குத் தெற்கே, ஈ.சி.ஆர் ஓரத்துல இருக்கற கோவளம். நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன். தண்ணிக்குள்ள ஒருத்தரைப் பாத்தா மத்தவங்களுக்கு ஏன் எரிச்சல் வருது, அதுல யார் பக்கம் நியாயம் இருக்கு, இதுதான் இன்னைக்குப் பேச்சு.

சர்ஃபிங் உலகத்துல இந்த மாதிரி ஆளுக்கு ஒரு பேரே இருக்கு: ‘கூக்’. ஒண்ணும் தெரியாம, தெரிஞ்ச மாதிரி நடந்துக்கறவங்கன்னு அர்த்தம். கலிஃபோர்னியாவுல கார்டிஃப்ங்கற ஊர்ல, 2007-ல ஒரு சர்ஃபர் சிலை வெச்சாங்க. கை கால் வெச்சிருக்கற விதமே தப்புன்னு உள்ளூர் சர்ஃபருங்க சிரிச்சு, அதுக்கு ‘கார்டிஃப் கூக்’னு பேர் வெச்சுட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் அதுக்கு விதவிதமா வேஷம் கட்டி விளையாடறாங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க. சிலை நிக்கற விதம் தப்பா இருந்தா சிரிப்புதான் வரும், யாருக்கும் அடி படாது. நிஜ ஆளுக்கும் அப்படித்தான். புதுசா கத்துக்கறவங்க போர்டுல ஏறி ஏறி விழறாங்களே, அதுக்காக எந்த உருப்படியான சர்ஃபரும் கோவிச்சுக்க மாட்டாங்க. எல்லாரும் அப்படி விழுந்து எழுந்தவங்கதான். கோவம் வேற இடத்துல வருது.

அது எங்கன்னு புரியணும்னா அலையைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். நம்ம கிழக்குக் கரைக்கு வர்ற நல்ல அலை, தெற்கே இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ அடிச்ச காத்துல பொறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் பண்ணி வருது. அது வரிசையா வராது. நாலஞ்சு அலை சேந்து ஒரு கூட்டமா வரும், அப்புறம் கொஞ்ச நேரம் தண்ணி சும்மா கிடக்கும். அந்தக் கூட்டத்துலயும் ஏறிப் போற மாதிரி அலை ஒண்ணோ ரெண்டோதான். காத்திருக்கறவங்க இருபது பேர். கடல் எவ்வளவு பெரிசா இருந்தாலும் அலை பற்றாக்குறைதான்.

பற்றாக்குறைன்னா என்னன்னு கொங்கு நாட்டுக்காரங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தையே எடுத்துக்கங்க. நிலத்தையெல்லாம் நாலு மண்டலமாப் பிரிச்சு, மண்டலம் மண்டலமாத்தான் தண்ணி விடறாங்க. வாய்க்கால்லயும் ‘இன்னைக்கு யார் முறை’ங்கறதுதான் பேச்சு. அடுத்தவர் முறையில மடையைத் திருப்பினா ஊர்ல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது.

அலைக்கும் அதே மாதிரி முறை இருக்குங்க. அலை முதல்ல எந்த இடத்துல உடையுதோ, அந்த இடத்துக்கு யார் கிட்ட இருக்காங்களோ அலை அவங்களுக்கு. ஒரு அலை, ஒரு ஆள். அவங்க எழுந்து வந்துட்டு இருக்கும்போது முன்னாடி நீங்க ஏறினா அதுக்கு ‘டிராப் இன்’னு பேர். அடுத்தவர் முறையில மடையைத் திறக்கற வேலை அது. இன்னொண்ணு இருக்கு, அது இன்னும் மோசம். காத்திருக்கறவரைச் சுத்தித் துடுப்படிச்சுப் போய், அவருக்கும் உள்பக்கமா உக்காந்துகிட்டு, ‘நான்தான் கிட்ட இருக்கேன்’னு சொல்றது. சட்டப்படி சரியா இருக்கற மாதிரி தெரியும், ஆனா திருட்டுதான். பொண்ணுங்க காத்திருக்கற எடத்துல, ‘எப்படியும் விட்டுக்குடுப்பாங்க’ன்னு தைரியமா முன்னாடி ஏறற ஆம்பளைங்களையும் இந்தக் கணக்குலதான் சேக்கணும்.

இது மரியாதைப் பிரச்னை மட்டும் இல்லைங்க, உடம்புக்கும் ஆபத்து. கத்துக்கறவங்களுக்குக் குடுக்கற போர்டு சாதாரணமா எட்டு, ஒம்போது அடி நீளம். கால்ல கட்டற கயிறும் கிட்டத்தட்ட அதே நீளம். பெரிய அலை வருதுன்னு பயந்து போர்டை விட்டுட்டு முங்கினீங்கன்னா, உங்களைச் சுத்திப் பதினாறு பதினெட்டு அடிக்கு அது சாட்டை மாதிரி சுழலும். உங்க பின்னாடி ஒரு தலை இருக்கலாம். அதனாலதான் போர்டை விடாதே, விடறதுக்கு முன்னாடி பின்னாடி பாருன்னு திரும்பத் திரும்பச் சொல்றாங்க. உள்ளே போகும்போதும் அலை ஏறி வர்றவங்க பாதையில குறுக்கே போகாம, கொஞ்சம் சுத்திப் போகணும். நடுவுல மாட்டிக்கிட்டா, தப்பிக்கறதுக்காக அவங்க போற பக்கமே ஓடாம, நுரை இருக்கற பக்கமா போங்க. நுரை உங்க மேல அடிக்கும். அடிச்சாலும் பரவால்ல, அவங்க அலை கெடாது.

இதெல்லாம் உலகம் முழுக்க இருக்கற முறை. நம்ம கரைக்குன்னு இன்னொரு முறை இருக்கு. எனக்கு அதுதான் இதுல முக்கியமாப் படுது.

கோவளம் முதல்ல மீனவர் ஊர். சர்ஃபிங் அங்க அப்புறம் வந்தது. அந்த ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் கத்துக்கிட்டு, ஊர்ப் பசங்களுக்கும் சொல்லிக்குடுத்து, அப்புறம் கோவலாங் பாயின்ட் சர்ஃப் பள்ளியை ஆரம்பிச்சார். இன்னைக்குத் தமிழ்நாட்டுல பேர் வாங்கின சர்ஃபருங்க நிறையப் பேர் கோவளம், மாமல்லபுரம் மாதிரி கரையோர ஊர்கள்ல வளந்தவங்க. 2023 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல உலக சர்ஃப் லீக்கோட தகுதிச்சுற்றுப் போட்டியே நடந்தது.

இப்ப நேரத்தைப் பாருங்க. சர்ஃபிங்குக்கு நல்ல நேரம் விடியக்காலை. அப்ப கடல் காத்து எழும்பியிருக்காது, அலை சுத்தமா இருக்கும். ராத்திரி போன ஃபைபர் போட்டு மீனோட கரைக்கு வர்றதும் அதே நேரம், பல சமயம் அதே இடம். போட்டு ஓட்டறவர் வெளியில நின்னு அலையை எண்ணி, ஒரு அலை முதுகுல ஏறி, இன்ஜினை முழுசா முறுக்கி நேரா மணல்ல கொண்டுவந்து ஏத்துவார். நடுவுல நிறுத்த முடியாது. திருப்பினா அலை பக்கவாட்டுல அடிச்சுப் போட்டைக் கவுத்துடும். அந்தப் பாதையில நீங்க போர்டு மேல உக்காந்து வீடியோ எடுத்துட்டு இருந்தீங்கன்னா, அவர் முன்னாடி ரெண்டே வழி. உங்களை இடிக்கணும், இல்ல தன் உயிரையும் போட்டையும் பணயம் வெக்கணும். நீங்க வந்தது விளையாட. அவர் வந்தது அன்னைக்குச் சோத்துக்கு.

கரையில காயற வலையை மிதிச்சுப் போறதும், மீன் ஏலம் போடற எடத்துல நடுவுல போர்டை வெச்சு ரீல்ஸ் எடுக்கறதும் இதே வகைதான். அது அவங்க பட்டறை. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குள்ள யாரோ வந்து, தையல் மெஷின் மேல ஏறி நின்னு போட்டோ எடுத்தா நம்ம என்ன சொல்லுவோம்?

அப்ப ‘உள்ளூர்க்காரங்களுக்குத்தான் எப்பவும் முதல் உரிமை’ன்னு சொல்றியான்னு கேக்கலாம். அது முழுசா சரின்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சு எங்க போய் முடியும்னு கலிஃபோர்னியாவுல லுனாடா பேங்கற இடத்துல பாத்தாச்சு. வசதியானவங்க வாழற பகுதி அது. வெளியாளுங்களை மிரட்டறாங்க, கல் எறியறாங்க, கார் டயரைக் கிழிக்கறாங்கன்னு வருஷக்கணக்கா புகார். 2016-ல வழக்காச்சு. அவங்க கரையில கட்டி வெச்சிருந்த கல் கோட்டையை அந்த வருஷமே இடிச்சாங்க. அங்க நடந்தது பொதுக் கடலுக்கு வேலி போடற வேலை.

கோவளத்துல கேக்கறது வேலி இல்லைங்க, வழி. உழைச்சுட்டு வர்றவருக்கு வழி விடு, காத்திருக்கறவருக்கு முறை விடு. அதுக்கு மேல, எங்கேருந்து வந்திருந்தாலும் கடல் உங்களுக்கும்தான். உள்ளூர்ப் பசங்க நல்லா விளையாடறாங்கங்கறதுக்காக வர்ற அலை எல்லாத்தையும் அவங்களே எடுத்துக்கிட்டா அதுவும் முறை இல்லைதான். ஆனா அதைச் சொல்ற உரிமை, நம்ம முதல்ல முறையைக் கடைப்பிடிச்சாத்தான் வரும்.

சரி, இந்த வாரக் கடைசியில போறவங்களுக்கு. தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் மணல்ல நில்லுங்க. அலை எங்க உடையுது, யார் எங்க காத்திருக்காங்க, போட்டு எந்த வழியா வருதுன்னு பாருங்க. புரியலைன்னா வலை பிரிச்சுட்டு இருக்கற அண்ணன் யார்கிட்டயாவது, ‘அண்ணா, எந்தப் பக்கம் இறங்கினா உங்களுக்கு இடைஞ்சல் இல்ல?’ன்னு கேளுங்க. கத்துக்குடுக்கறவர் இடுப்பளவு தண்ணியில நிக்கச் சொன்னா அங்கயே நில்லுங்க. பின்னாடி போய் பெருசுங்க கூட உக்காந்தா போட்டோ நல்லா வரும், ஆனா அங்கேருந்து உங்களைக் காப்பாத்தறதுக்கு இன்னொருத்தர் தன் அலையை விட்டுட்டு வரணும். தப்பா ஏறிட்டீங்கன்னா உடனே இறங்கிக் கையைத் தூக்கி ‘ஸாரிங்க’ சொல்லுங்க. அந்த ஒரு ‘ங்க’ போதும், பாதிக் கோவம் போயிடும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. பத்திரமா போயிட்டு வாங்க.