நடுத்தர மார்க்கும் காலேஜும்



பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்த மறுநாள் முதற்கொண்டு நம் ஊர்களில் ஒரு புதுவிதமான துக்கம் கொண்டாடப்படுகிறது. பிள்ளை தவறிவிட்டான் என்பதற்காக அல்ல; 600-க்கு 350 வாங்கித் தேறிவிட்டான் என்பதற்காகவே! தேறினவன் வீட்டில் துக்கம் எதற்கு என்று கேட்டால், எதிர் வீட்டுப் பிள்ளை 560 வாங்கிவிட்டானாம். எதிர் வீட்டுக்காரனா உங்கள் பிள்ளைக்குச் சம்பளம் கட்டப் போகிறான்? ஆனாலும் அவன் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுக்கொண்டு, காணியை அடமானம் வைத்து, பெயர் பெரிதாயுள்ள ஒரு இஞ்சினீயரிங் காலேஜில் மானேஜ்மெண்ட் இடம் வாங்குகிறார்கள். இந்த வெட்கத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் இன்று கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

தனியார் இஞ்சினீயரிங் காலேஜுகளுக்குக் கட்டணக் குழு 2017-ல் நிர்ணயித்தது என்னவென்றால், கவுன்சிலிங் மூலம் வருகிறவனுக்கு வருஷத்துக்கு 50 முதல் 55 ஆயிரம். மானேஜ்மெண்ட் மூலம் வருகிறவனுக்கு 85 முதல் 87 ஆயிரம். இரண்டு பேருக்கும் பெஞ்சு ஒன்று, வாத்தியார் ஒருவர், பரீட்சை ஒன்று, பட்டமும் ஒன்றுதான். அப்படியிருக்க நான்கு வருஷத்தில் ஒரு லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல் அதிகம் கொடுப்பது எதற்காக? இது போக "நன்கொடை" என்று வேறு கேட்பார்கள். அப்படி வாங்குவது 1992-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அதனால்தான் அதற்கு ரசீது கொடுப்பதில்லை!

"எங்கள் பிள்ளை மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் இடம் கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். கணக்கில் வாங்கியது முழுவதும், பௌதிகத்தில் பாதி, ரசாயனத்தில் பாதி; இதைக் கூட்டினால் 200-க்கு உள்ள கட்-ஆஃப். கணக்கில் 62, பௌதிகத்தில் 70, ரசாயனத்தில் 66 என்றால் 130 ஆகிறது. போன வருஷம் எந்தக் காலேஜில் எந்தப் பாடத்துக்கு எந்த வகுப்பாருக்கு எத்தனையில் இடம் நின்றது என்பது அச்சாகி வெளியாகியிருக்கிறது. 130-க்கும் இடம் உண்டு. வருஷந்தோறும் கவுன்சிலிங் முடிந்த பிறகும் எத்தனையோ இடங்கள் காலியாய்க் கிடக்கின்றன. தரகன் இதைச் சொல்லமாட்டான். சொன்னால் அவன் பிழைப்பு என்னாவது?

ஜாபிதாவில் எத்தனை காலேஜ் வேண்டுமானாலும் எழுதலாம். ஆசைப்பட்டதை முதலில் எழுதுங்கள், அதனால் நஷ்டமில்லை. அதற்குக் கீழே நம் மார்க்குக்கு ஒத்ததை எழுதுங்கள். கடைசியில் நிச்சயமாய்க் கிடைக்கக்கூடியதை எழுதுங்கள். பெரிய பெயராகவே பத்து எழுதிவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பதுதான் நடக்கிறது.

ஆனால் இடம் கிடைக்கிறது என்பதற்காக எங்கும் போய் விழவேண்டியதில்லை. சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், சுழியும் பார்க்கிறான் (சுழி பார்ப்பது முட்டாள்தனம் என்பது வேறு விஷயம்). காலேஜுக்குப் போகிறவனோ கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அங்கே நூற்றுக்கு எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதை அண்ணா சர்வகலாசாலையே வெளியிடுகிறது. நடுத்தர மார்க்குப் பிள்ளைக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம். பத்துப் பேரில் ஏழு பேரைத் தவறவிடுகிற காலேஜில் இவன் மட்டும் எப்படிக் கரையேறுவான்?

இஞ்சினீயரிங்தான் படிப்பு என்று யார் சொன்னது? தமிழ்நாட்டில் 160-க்கு மேற்பட்ட சர்க்கார் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாயில் படிப்பு முடிகிறது. 6 முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதலும், ஆண்களுக்கு 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள். மூன்று வருஷத்தில் 36 ஆயிரம்! சர்வீஸ் கமிஷன் குரூப் 2 பரீட்சைக்குப் பட்டம் கேட்கிறார்களே தவிர, எந்தக் காலேஜ் என்று கேட்பதில்லை. ஆரம்பம் முதல் தமிழிலேயே படித்தவனுக்கு 20 சதவிகிதம் தனியே ஒதுக்கியும் இருக்கிறார்கள். கைத்தொழிலில் புத்தி போகிறவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து டிப்ளமோ வாங்கிவிட்டு, இஞ்சினீயரிங் இரண்டாம் வருஷத்தில் நேராய்ச் சேரலாம். சுற்று வழிதான், ஆனால் நிலம் மிஞ்சும்.

இன்னொன்று சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை. இதே 350 மார்க்கை ஆண் பிள்ளை வாங்கினால் நிலம் அடமானத்துக்குப் போகிறது; பெண் பிள்ளை வாங்கினால் ஜாதகம் வெளியே வருகிறது! 350-க்கு ஆணிடத்தில் ஒரு மதிப்பும் பெண்ணிடத்தில் ஒரு மதிப்புமா? மகனுக்கு மானேஜ்மெண்டில் கொட்டும் பணத்தில் பாதி கூட வேண்டாம்; இரண்டு பிள்ளைகளையும் சர்க்கார் காலேஜில் படிக்க வைத்துவிடலாம். தூரம் என்கிறீர்கள். பையன் பஸ்ஸில் போகும் தூரம் பெண்ணுக்கு மட்டும் எப்படி நீண்டுவிடுகிறது?

சேர்க்கிற அன்று அசல் சர்ட்டிபிகேட்டுகளைச் சரிபார்த்துக் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சர்வகலாசாலை மானியக் குழு 2018-லேயே உத்தரவு போட்டிருக்கிறது.

மார்க்கு லிஸ்ட் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். பெண் பிள்ளைகளுடையதையும் எடுத்து வாருங்கள். பென்சிலும் காகிதமும் இருக்கின்றன; உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.