கணினி அறையின் குளிரும் மகாவலியின் நீரும்



சமயச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தோருக்கு இன்றைய பொருள் வியப்பை அளிக்கலாம். ஆயினும் எமது இளைஞரிற் பலர் கணினித் தொழிலை நாடிப் படிக்கின்றனர். அத்தொழிலின் பின்னால் செலவாகும் மின்சாரத்தைப் பற்றி நாம் பேசத்தான் வேண்டும்.

நாம் அனுப்பும் படமும், வங்கிக் கணக்கும், பரீட்சைப் பெறுபேறும் எங்கோ ஒரு தரவு மையத்தின் கணினிகளில் தங்குகின்றன. இரவு பகலாக ஓடும் அக்கணினிகள் உண்ணும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்ற மீண்டும் மின்சாரம் வேண்டும். கணினிகளுக்கு 100 அலகு செல்ல, மையம் மொத்தம் 200 அலகு வாங்குமாயின் அதன் விகிதம் 2 என்பர். 2007ஆம் ஆண்டில் உலகச் சராசரி 2.5 அளவில் இருந்தது. அண்மை ஆண்டுகளில் 1.6க்குச் சற்றுக் கீழே வந்துள்ளது. கூகுள் நிறுவனத்தின் மையங்களிலோ ஏறத்தாழ 1.1தான். இவ்வேறுபாட்டிற் பெரும்பங்கு குளிரூட்டலுக்கே உரியது.

இதனால் குண்டசாலையில் இருக்கும் எமக்கென்ன என்று கேட்பீர்கள். எமக்கு மேலே 1976இல் திறந்த பொல்கொல்லை அணை. கீழே 1985இல் திறந்த விக்டோரியா அணை, 210 மெகாவாற்று. இடையில் ஓடும் மகாவலியின் ஓரத்தில் வாழ்கிறோம். மழை பொய்த்தால் இந்நாடு எண்ணெயும் நிலக்கரியும் எரிக்க வேண்டும். அவற்றுக்கு அந்நியச் செலாவணி வேண்டும். இரண்டும் இல்லாத 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்ததையும், பிள்ளைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் படித்ததையும் மறந்தோமா?

இனி விஷயத்துக்கு வருவோம். கருவறையில் எண்ணெய் விளக்குகளின் நடுவே குருக்கள் ஐயா வியர்த்து நிற்கிறார். மகாமண்டபத்தில் பத்து விசிறிகள் சுழன்றாலும் அவருக்குப் பயனில்லை; மண்டபத்தில் இருக்கும் எமக்கே சுகம். பல கணினி அறைகளில் நடப்பதும் இதுவே. அறை குளிர்கிறது, வெப்பம் பிறக்கும் இடத்துக்குக் குளிர்காற்று போய்ச் சேர்வதில்லை. கணினி முன்புறம் காற்றை இழுத்துப் பின்புறம் சூடாகக் கக்கும். அடுக்குகளை முகத்துக்கு முகம் நிறுத்தி, குளிர்ப் பாதை ஒன்று, சூட்டுப் பாதை ஒன்று எனப் பிரித்து, இடைவெளிகளைத் தகட்டால் அடைத்துவிட்டால் இரண்டும் கலவா. செலவு சில தகடுகள்தாம்! காற்று வீணாகாதபோது விசிறியையும் மெதுவாக்கலாம். அதன் வேகத்தில் ஐந்திலொரு பங்கைக் குறைத்தால் மின்செலவு ஏறக்குறையப் பாதியாகும்.

அடுத்தது அளவுக்கு மீறிய குளிர். உள்ளே போகிறவர் கம்பளிச் சட்டை தேடும்படி அறையை வைப்பது ஒரு பெருமையாகிவிட்டது. கணினிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 பாகை வரை இருக்கலாம் என்று ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் 2008 முதலே சொல்லிவருகிறது. எமது போல் வெப்ப நாடாகிய சிங்கப்பூர், 2019 முதல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்து, 2023இல் 26 பாகையும் அதற்கு மேலும் வைத்து நடத்துவதற்கான நியமத்தை வெளியிட்டது. ஒரு பாகை உயர்த்தினால் குளிரூட்டும் மின்சாரத்தில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை மிஞ்சுமாம். பின் ஏன் உயர்த்துவதில்லை? அறை சூடேறினால் பொறுப்பாளர் மீது பழி; வீணே குளிர்ந்தால் கேட்பாரில்லை. பொறியியலை விட இந்தப் பயமே பெரிய தடை என்பது எமது எண்ணம்.

மண்பானை முறையாக நீரை ஆவியாக்கிக் குளிரூட்டுவதும் உண்டு. மின்சாரம் மிஞ்சும், நீர் போய்விடும். தரவு மையங்கள் பெருகிவரும் சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வற்றிய கதையை அறிவோம். ஆதலால் அதனை யோசித்தே கைக்கொள்ள வேண்டும்.

கண்டிப் பகுதிக்கு வேறொரு வசதி உண்டு. மார்கழி, தை இரவுகளில் வெளிக்காற்று 20 பாகைக்கும் கீழிறங்கும். ஈரம் மிகுந்த அக்காற்றை அப்படியே உள்ளே விடலாகாது. குழாய் நீரை அதிற் குளிரவிட்டு உள்ளே சுற்றவிடலாம். அறை 18 பாகை கேட்டால் எமது மலைக்காற்றால் உதவ முடியாது. 26 போதுமென்றால் அந்த இரவுகளில் குளிரூட்டும் பொறிக்கு வேலை வெகுவாகக் குறையும்.

வங்கியிலோ தொழிற்சாலையிலோ சிறிய கணினி அறையைக் காக்கும் பொறுப்பு எம் தம்பி தங்கையருக்குக் கிடைக்கலாம். அன்று வெப்பமானியைச் சுவரில் மாட்டாது, கணினியின் முகத்தருகே மாட்டிப் பாருங்கள். கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.