தீ இல்லாத நாளின் வேலை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், தீயணைக்கும் கருவிகளைப் பேணுதல் என்பதாகும். தீ மூண்ட பின் என்ன செய்வது என்பதைப் பலரும் பேசுவர். தீ இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரைப் பற்றியும், அவர் நடத்திய படையைப் பற்றியும் சிறிது கூற விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அந்நகரின் பழைய பகுதியில் பல மாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. அவற்றின் இடையே இருவர் சேர்ந்து நடப்பதற்கும் இடமில்லாத சந்துகள் இருந்தன. தீயணைக்கும் இயந்திரங்களும் அங்கு இல்லாமலில்லை. ஆனால் அவற்றுள் பல காப்புறுதி நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. ஒவ்வொரு நிறுவனமும் தன் இயந்திரத்தைத் தனித்தனியே வைத்திருந்தது. அனைத்தையும் ஒன்றாக இயக்கவோ, ஒரே முறையில் பேணவோ பொறுப்பான ஒருவர் இல்லை.

1824ஆம் ஆண்டில் அடுத்தடுத்துத் தீ விபத்துகள் நேர்ந்தன. அதன் பின்னரே நகரத்தாரும் காப்புறுதி நிறுவனத்தாரும் கூடி, நகரம் முழுமைக்கும் ஒரே தீயணைப்புப் படையை அமைத்தனர். அதன் தலைவராக ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் இளைஞரை நியமித்தனர். அவருக்கு வயது 24. தந்தையிடம் கட்டடத் தொழில் பழகியவர்.

படை அமைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆட்களுக்குப் போதிய பயிற்சி கிடைக்கவில்லை. அந்நிலையில் 1824 நவம்பர் 15ஆம் நாள் இரவு, செதுக்குவேலைக்கூடம் ஒன்றில் தீ மூண்டது. இயந்திரங்கள் வந்தன, ஆனால் உரிய நேரத்தில் தண்ணீர் கிடைக்கவில்லை. நகரப் பெரியவர்கள் ஆளுக்கொரு கட்டளை இட்டனர். எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரியாமல் தீயணைப்போர் திகைத்தனர். தீ நாட்கணக்கில் எரிந்தது. மறுநாள் டிரான் தேவாலயத்தின் கோபுரமும் பற்றி எரிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றன.

இயந்திரம் இருந்தும் நகரம் எரிந்தது ஏன்? கருவி இருப்பது வேறு, கருவி ஆயத்தமாக இருப்பது வேறு என்பதே அதற்கு விடை. பின்னர் நடந்த விசாரணையில் படையினர்மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. தீ எரியும் இடத்தில் கட்டளையிடும் அதிகாரம் படைத் தலைவர் ஒருவருக்கே உரியது என்றும் விதிக்கப்பட்டது.

அதன் பிறகு பிரெய்ட்வுட் செய்த வேலையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். கொத்தர், தச்சர், கூரை வேய்வோர், கொல்லர், குழாய் வேலை செய்வோர் ஆகியோரையே அவர் படைக்குத் தேர்ந்தெடுத்தார். கருவியைக் கையாளப் பழகிய கைகள், கருவியைப் பேணவும் அறியும் அன்றோ! அவர்களுக்கு அவர் பயிற்சி அளித்த நேரம் விடியற்காலை நான்கு மணி. பெரும்பாலான தீ இரவில்தான் மூள்கிறது. ஆகவே இருட்டிலேயே கைகள் பழக வேண்டும் என்பது அவர் எண்ணம். நான்கு மணிக்கு எழுந்து வேலைக்கு ஆயத்தமாகும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆகவே அம்மனிதர்களின் உழைப்பை நம்மால் எளிதில் உணர முடியும்.

அக்காலத்து இயந்திரம் கையால் இயங்கியது. இருபுறமும் வரிசையாக நின்று, நீண்ட தண்டுகளை மாறிமாறி அமுக்கித் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். உள்ளே சிறு கல்லோ சேறோ புகுந்தால் அடைப்பிதழ் சரியாக மூடாது. ஆட்கள் எவ்வளவு அமுக்கினாலும் தண்ணீர் எழும்பாது. குழாய்களோ தோலால் ஆனவை. தோலின் ஓரங்களைச் செப்பு ஆணிகளால் இணைத்திருப்பார்கள். நனைந்த குழாயை அப்படியே சுருட்டி வைத்தால் தோல் அழுகும். எண்ணெய் காட்டாமல் காயவிட்டால் வெடிக்கும். ஆதலால் ஒவ்வொரு முறையும் குழாயைக் கழுவி, நீர் வடியத் தொங்கவிட்டு, ஈரம் முற்றும் உலருமுன் எண்ணெயும் கொழுப்பும் பூசி வைக்க வேண்டும். எவரும் பாராட்டாத வேலை இது. ஆயினும் தீ மூண்ட இரவில் மாடியில் நிற்பவனின் உயிர் இந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

பால்வெட்டுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேற்றே தீட்டாத கத்தி இன்று பட்டையைக் கெடுக்கும். கழுவாத வாளியில் ஊற்றிய பால், நிறுவைக்குப் போகுமுன்னே உறைந்துவிடும்.

1830இல் பிரெய்ட்வுட் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். 1833இல் லண்டன் மாநகரின் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த படைக்குத் தலைவரானார். ஏறத்தாழ 28 ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். 1861 ஜூன் 22ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையில் டூலி தெருவிலிருந்த பண்டகசாலைகளில் பெருந்தீ மூண்டது. தீ பரவாமல் தடுப்பதற்கென்றே அங்கு இரும்புக் கதவுகள் அமைக்கப்பட்டிருந்தன. அக்கதவுகள் மூடப்படாமல் கிடந்தன. தம் ஆட்களைக் கவனிக்கச் சென்ற பிரெய்ட்வுட் மீது சுவர் இடிந்து விழுந்தது. அவர் அங்கேயே மாண்டார். கதவு இருந்தது, அதை மூடும் பழக்கம் இல்லை. வாழ்நாள் முழுவதும் எந்தக் கவனக்குறைவை எதிர்த்து அவர் உழைத்தாரோ, அதுவே அவர் உயிரையும் கொண்டு சென்றது. 2008இல் எடின்பரோ நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

காலப்போக்கில் தோல் குழாய் மறைந்து, உட்புறம் ரப்பர் பூசிய துணிக் குழாய் வந்தது. நம் கைகளால் வடித்தெடுக்கும் பால், தீயணைப்போரின் கைகளில் தண்ணீரைக் கொண்டு சேர்ப்பது நமக்குப் பெருமையே. ஆனால் ரப்பர் குழாயும் வெயிலில் கிடந்தால் வெடிக்கும் என்பதை நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

தோழர்களே, இருட்டோடு நாம் வேலைக்காட்டுக்குச் செல்லும்போது, நம் பிள்ளைகள் லயத்தில் உறங்கிக்கொண்டிருக்கின்றனர். தீ மூண்டால் 999 எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எனினும் பொம்பா வண்டி நகரிலிருந்து தோட்டத்துச் சாலைக்கு வந்து சேரச் சிறிது நேரமாகும். அந்தச் சிறிது நேரத்தில் நமக்குத் துணை, லயத்திலும் புகைக்கூடத்திலும் உள்ள கருவிகள் மட்டுமே.

ஆகவே, தீயணைப்புக்கென வைத்த சிவப்பு வாளியை வேறெதற்கும் எடுக்காதிருப்போம். அதில் மணல் இருக்கிறதா, அல்லது குப்பை சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம். சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவியின் ஊசி பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் கவனிப்போம். குழாயை வாரம் ஒருமுறை விரித்துப் பார்த்து, நிழலில் சுருட்டி வைப்போம். எல்லாருக்கும் பொதுவான வேலை எவருடைய வேலையும் ஆகாமல் போவது வழக்கம். ஆதலால் இன்ன வேலைக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் குறித்து வைப்போம். குறை கண்டால் நிர்வாகத்திடம் அன்றே தெரிவிப்போம்.

தீயை நாம் அணைக்கும் நாள், அது எரியும் நாளன்று. அதற்கு முந்தைய அமைதியான நாள்களே ஆகும்.