ஒரு காலை ஊன்றச் செய்யும் பல கைகள்

(விழா அரங்கில் நிகழ்ந்த சிறப்புரையின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களையும் அறிந்து போற்றும் மரபினர் இவ்வவையினர். ஆகவே கொடையின் பெருமையை இங்கு விரித்துரைக்க வேண்டிய தேவை இல்லை. கொடுக்கப்பட்ட பொருள் பெற்றவருக்கு எவ்வாறு பயன்படுகிறது, அதற்கு எத்தனை பேருடைய உழைப்பு ஒன்றுசேர வேண்டியிருக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவது பெரும்பாலும் ஒருவர் கொடுக்க மற்றொருவர் பெறும் காட்சியாகவே மக்கள் மனத்தில் பதிந்துள்ளது. மேடையில் ஒரு செயற்கைக் கால் வழங்கப்படுகிறது, கைதட்டல் எழுகிறது, படம் எடுக்கப்படுகிறது. அந்தக் கால் ஆறு மாதத்திற்குப் பின் நடந்துகொண்டிருக்கிறதா, பரணில் கிடக்கிறதா என்பதை அந்தப் படம் சொல்லாது. அதை முடிவு செய்வது படத்தில் இடம்பெறாத ஒரு குழுவின் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 இலட்சம் பேர். இவ்வளவு பேருக்கும் துணை நிற்பது தனிமனிதரின் இரக்கத்தால் மட்டும் இயலக்கூடியதன்று. ஒழுங்கமைந்த கூட்டுப் பணியாலேயே அது இயலும். இதனை விளக்க ஜெய்ப்பூர்க் காலின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

1960-களில் ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவராக இருந்தவர் பிரமோத் கரண் சேத்தி. காலிழந்தோருக்கு அக்காலத்தில் மேலைநாட்டு முறையில் அமைந்த செயற்கைப் பாதம் பொருத்தப்பட்டு வந்தது. அது வளையாதது, காலணிக்குள் மறைத்து அணிய வேண்டியது. அதனை அணிந்து சென்ற உழவர்கள் பலர் சில நாள்களில் மீண்டும் ஊன்றுகோலுக்கே திரும்பினர். காரணம் எளியது. வெறுங்காலுடன் நடப்பவருக்கும், சேற்று வயலில் இறங்குபவருக்கும், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து உண்பவருக்கும், குந்தி அமர்பவருக்கும் அந்தப் பாதம் பயன்படவில்லை. நாற்காலியில் அமர்ந்து காலணி அணிந்து வாழ்பவரை மனத்தில் கொண்டு அது செய்யப்பட்டிருந்தது.

அதே மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைவினை கற்பித்து வந்தவர் ராம் சந்திர சர்மா. 'மாஸ்டர்ஜி' என்று அழைக்கப்பட்ட அவருடைய பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆனால் மரம், உலோகம், சாந்து, ரப்பர் ஆகியவற்றின் இயல்பை அவருடைய விரல்கள் அறிந்திருந்தன. மிதிவண்டியின் காற்றிறங்கி ஒரு கடையில் நின்றபோது, அங்கே லாரி டயருக்குப் புது ரப்பர் வார்த்துப் பதிப்பதைக் கண்டு, பாதத்தையும் அவ்வாறே வார்க்கலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாகக் கூறப்படுகிறது. கைவினைஞர் செய்து காட்ட, மருத்துவர் உடற்கூற்று அறிவால் குறை சுட்ட, அணிந்து நடந்தவர்கள் வலித்த இடத்தையும் கிழிந்த இடத்தையும் சொல்ல, பல முயற்சிகளுக்குப் பின் 1968 அளவில் ரப்பரும் மரமும் டயர் நூலும் சேர்ந்த பாதம் உருவாயிற்று. அது வளைந்தது, நனைந்தாலும் கெடவில்லை, வெறுங்காலாகவே தோற்றமளித்தது.

இவ்வரலாற்றில் மூவர் இருக்கின்றனர். நூலறிவு உடைய மருத்துவர் ஒருவர். கையறிவு உடைய கைவினைஞர் ஒருவர். பட்டறிவு உடைய பயனாளி மூன்றாமவர். இவர்களுள் எவர் பேச்சு தள்ளப்பட்டிருந்தாலும் அந்தப் பாதம் பிறந்திராது. 1981-இல் மருத்துவர் சேத்திக்கு மக்சேசே விருது கிடைத்தது. அது தகுதியான பெருமையே. எனினும் மாஸ்டர்ஜியின் பெயரை அறிந்தோர் சிலரே. அணிந்து நடந்து குறை சொன்ன அந்த உழவர்களின் பெயர் எங்கும் இல்லை. கூட்டுப் பணியின் பலன் வெளிப்படும்போது பெயர் ஒருவரிடமே சென்று சேர்வது உலக இயல்பு. ஆனால் குழுவுக்குள்ளேயே அந்த ஏற்றத்தாழ்வு நுழையுமானால், கீழே இருப்பவர் நாளடைவில் வாய் திறப்பதை நிறுத்திவிடுவார். அவர் கண்டறிந்த குறை அவரிடமே தங்கிவிடும். அதன் விலையைத் தருபவர் நோயாளி.

பாதம் உருவானபின்னும் முதல் ஏழாண்டுகளில் மிகச் சிலருக்கே அது சென்று சேர்ந்தது. கண்டுபிடிப்பு இருந்தது, கொண்டு சேர்க்கும் அமைப்பு இல்லை. பகவான் மகாவீரரின் 2500-ஆம் நிர்வாண ஆண்டு நாடெங்கும் நினைவுகூரப்பட்ட காலத்தில், 1975-இல், தேவேந்திர ராஜ் மேத்தா 'பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி'யை நிறுவினார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்த அவர், முன்னர் ஒரு சாலை விபத்தில் காலை இழக்கும் நிலைக்குச் சென்று மீண்டவர். அறம் என்பது நல்லெண்ணத்தோடு நின்றுவிடாமல் நிருவாகமாகவும் மாற வேண்டும் என்பதை அவருடைய பணி காட்டிற்று.

அங்கு மாற்றப்பட்டது பணியின் வரிசை முறை. ஏழை ஒருவர் தொலைவூரிலிருந்து வருகிறார் என்று கொள்க. ஒரு நாள் சீட்டு, மறுவாரம் அளவு, மறுமாதம் பொருத்துதல், பிறகு திருத்தம் என்று நான்கைந்து முறை வரச் சொன்னால், ஒவ்வொரு வருகைக்கும் அவர் பயணச் செலவும் கூலி இழப்பும் ஏற்க வேண்டும்; துணைக்கு வருபவரின் கூலியும் போகும். இலவசமாகத் தரப்படும் கால் அவருக்கு இலவசமாக அமையாது. சமிதியில் எந்நேரம் வந்தாலும் உள்ளே ஏற்றுத் தங்க இடமும் உணவும் தந்து, அளவெடுத்து, பொருத்தி, நடக்கவைத்து அனுப்பும் முறை நிறுவப்பட்டது. இரவில் கதவு திறப்பவரும், சமையற்கூடத்தில் இருப்பவரும், பதிவேடு எழுதுபவரும் இங்கு மருத்துவக் குழுவின் உறுப்பினராகவே ஆகின்றனர். அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும், வந்தவர் திரும்பிப் போய்விடக்கூடும். இன்று அதன் பணி இலட்சக்கணக்கானோரை எட்டியிருக்கிறது. பிற நாடுகளிலும் முகாம்கள் நடைபெற்றுள்ளன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுடன் இணைந்து குறைந்த விலையிலான செயற்கை மூட்டும் உருவாக்கப்பட்டது.

ஒரு கால் எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதை அறிந்தால், ஒருவர் வேலை மற்றவர் வேலையைச் சார்ந்திருப்பது தெளிவாகும். அறுவை செய்பவர் எலும்பின் முனையைத் தசையால் நன்கு மூடியிருக்க வேண்டும். செவிலியர் எஞ்சிய காலில் முறையாகக் கட்டுப் போட்டு வீக்கம் வடியச் செய்ய வேண்டும். இயன்முறை மருத்துவர் மூட்டு மடங்கி இறுகிவிடாமல் பயிற்சி தர வேண்டும். செயற்கை உறுப்பு வல்லுநர் மாவுக்கட்டுப் போல் சாந்தால் அச்செடுத்து, அதற்கேற்பக் காலைத் தாங்கும் உறையைச் செய்து, பாதத்தின் சாய்வையும் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். பின்னர் இணைக் கம்பிகளுக்கிடையே நடைப் பயிற்சி. அதன்பின் படியேறுதல், குளித்தல், பேருந்தில் ஏறுதல். இறுதியில் வேலைக்குத் திரும்புதல். அதற்குச் சமூகப் பணியாளரின் துணை வேண்டும்.

இச்சங்கிலியில் மிக எளிய ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவரின் வலியைக் கண்டு பொறுக்காத தாயோ மனைவியோ, முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைக்கிறார். அன்பினால் செய்த செயல் அது. ஆனால் நாள்தோறும் மடங்கியே கிடக்கும் மூட்டு அவ்வாறே இறுகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு சிறந்த செயற்கைக் காலும் அதில் நேராக நிற்காது. அதைச் சீர்செய்யப் பல வாரப் பயிற்சி தேவைப்படும். சிலருக்கு மீண்டும் அறுவையே தேவைப்படும். தலையணை வைக்கலாகாது என்பதை மருத்துவமனையில் அனைவரும் அறிந்திருந்தனர். மருத்துவர் சொல்லியிருப்பார் என்று செவிலியர் எண்ணினார்; செவிலியர் சொல்லியிருப்பார் என்று இயன்முறை மருத்துவர் எண்ணினார். தாயிடம் ஒருவரும் சொல்லவில்லை. அனைவருக்கும் தெரிந்திருந்தும் எவருக்கும் பொறுப்பாக்கப்படாத செய்தி, தெரியாத செய்திக்கே ஒப்பானது.

அநேகாந்தத்தை விளக்கும்போது யானையைத் தடவிய பார்வையற்றோர் கதை இவ்வவையில் பலமுறை கூறப்பட்டிருக்கும். காலைத் தொட்டவர் உரல் என்றார். காதைத் தொட்டவர் முறம் என்றார். மாற்றுத்திறனாளிகளுடன் பணிபுரிவோர் அக்கதையை ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் தொட்டறிந்தது மெய்யே. பார்வையின்மை அவர்களைத் தோற்கடிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் "உமது கைக்கு என்ன தட்டுப்படுகிறது?" என்று ஒருவரும் கேளாமையே தோல்விக்குக் காரணம். கேட்டிருந்தால் ஆறு பேரும் சேர்ந்து முழு யானையை அறிந்திருப்பர். கண்ணுள்ள மருத்துவரும், கண்ணுள்ள அறங்காவலரும், கண்ணுள்ள தொண்டரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தும் அவ்வாறு கேளாதிருப்பது உண்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கூறுவதும், ஒரே பதிவேட்டில் அனைவரும் எழுதுவதும், வீட்டாரிடம் இன்ன செய்தியை இன்னார் சொல்ல வேண்டும் என்று பெயர் குறித்து வைப்பதும் சிறு செயல்களாகத் தோன்றும். அநேகாந்தம் அன்றாடப் பணியில் எடுக்கும் வடிவம் அவையே.

அந்த மேசையில் ஓர் இருக்கை தவறாமல் போடப்பட வேண்டும். அது மாற்றுத்திறனாளிக்கு உரியது. தமிழகத்திலேயே இதற்குப் பெரும் சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்யக் கற்றார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டு, "இனி என்ன இருக்கிறது?" என்று படுக்கையில் கிடந்தவருக்கு, சக்கர நாற்காலியில் வந்து பேசிய மருத்துவரே விடையாக விளங்கினார். அந்தச் சொல்லை நடக்கக்கூடிய ஒருவர் சொல்லியிருந்தால் அதே வலிமை இருந்திராது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய சட்டம் ஏழாகக் குறித்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. கருணையால் தரப்பட்டவற்றை உரிமையாக ஆக்கியது அதன் நோக்கம். எனவே உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல், அவரிடமே கேட்பது முதல் ஒழுக்கம். கேளாமல் தூக்குவதும், கேளாமல் சக்கர நாற்காலியைத் தள்ளுவதும், கேளாமல் படம் எடுப்பதும் உதவியில் சேரா. பேச இயலாதவரும் தம் விருப்பத்தைக் கண்ணாலோ கையாலோ உணர்த்துவர். அதற்குக் காத்திருக்கும் பொறுமையே குழுவின் முதல் தகுதி.

முகாம் நடத்தும் அறக்கட்டளைகள் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. முகாம் முடியும் நாளில் பணி முடிவதில்லை. எஞ்சிய கால் நாளடைவில் சுருங்குவதால் உறை தளர்ந்து உராயும். சர்க்கரை நோயாளிக்கு அந்த உராய்வே புண்ணாகும். உணர்ச்சி குன்றியிருந்தால் புண் அவருக்குத் தெரியவும் தெரியாது. வளரும் குழந்தைக்குக் கால் சிறுத்துப் போகும். மீண்டும் மீண்டும் புதிது வேண்டும். ஆகவே எத்தனை கால்கள் வழங்கப்பட்டன என்னும் எண்ணிக்கையோடு, ஓராண்டுக்குப் பின் எத்தனை கால்கள் நடக்கின்றன என்னும் எண்ணிக்கையும் ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும். இரண்டாம் எண் முதல் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். அதை மறைக்காமல் அச்சிடும் துணிவு வாய்மை நோன்பின் ஒரு பகுதி.

நன்கொடை அளிப்போர் ஒரு காலின் விலையோடு, மறுமுறை வந்து போகும் பேருந்துக் கட்டணத்தையும், திருத்திக் கொடுக்கும் தொழிலாளியின் ஊதியத்தையும் சேர்த்தே அளிப்பாராக. இளைஞர்கள் முகாம் நாளில் காட்டும் விரைவை, மூன்று மாதம் கழித்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உறையை அவிழ்த்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதிலும் காட்டுவாராக. அந்த வருகைக்கு மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஆயினும் கொடுத்த கால் நடக்கும் காலாக நிலைப்பது அந்த வருகையால்தான்.