பந்தைக் கொடுத்து உயர்ந்தவர்

கூடைப்பந்து என்றாலே நெடிய உருவங்கள்தாம் நினைவுக்கு வரும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் 1993-இல் பிறந்த ருயி மச்சிடாவின் உயரமோ 162 சென்டிமீட்டர்தான். உயரத்தை நம்பி ஆட வழியில்லை. கால்களின் வேகத்தையும் கண்களின் கூர்மையையும் நம்பினார். எந்தத் தோழி தடையின்றி நிற்கிறார் என்பதை நொடியில் கண்டு, பந்தை அவர் கையில் சேர்ப்பதே இவருடைய ஆட்டம்.

2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக் போட்டியின் அரையிறுதியில் பிரான்சை ஜப்பான் 87-71 என வென்றது. அன்று சக வீராங்கனைகள் புள்ளி எடுக்க மச்சிடா 18 முறை பந்தைக் கொடுத்தார். ஒலிம்பிக் மகளிர் கூடைப்பந்தில் அது புதிய சாதனை. இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் 75-90 எனத் தோற்றாலும், கூடைப்பந்தில் ஜப்பானுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கமாக வெள்ளி கிடைத்தது. 2022-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது.

பந்தைக் கூடையில் போட்டவருக்கே கைதட்டல் அதிகம். கொடுத்தவரைக் கவனிப்பவர் குறைவு. குடும்பத்திலும் வேலையிடத்திலும் அப்படிக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். அவருக்கு நாம் கடைசியாக நன்றி சொன்னது எப்போது?